அசல் அமெரிக்கர்

வியட்நாமின் ஹனோயில் ஓர் ஆங்கிலப் பயிற்சி மையத்தின் அலுவலக அறை. தலை குனிந்து நின்றிருந்தாள் ஆசிரியை தாவோ.

"அமெரிக்காக்காரர் சொல்லித் தருவார்னு நம்பித்தான் எம் பொண்ணைச் சேர்த்தேன். இவளைப் பாத்தா எங்க தெரு நூடுல்ஸ் கடைக்காரி மாதிரி இருக்கா!" என்று பொரிந்து தள்ளினாள் மாணவியின் அம்மா லியென். "ஆளை மாத்துங்க. இல்லன்னா எல்லாப் பெற்றோரையும் கூட்டிட்டு வருவேன்!"

மேலாளர் துவான் நெளிந்தார். "தங்கச்சி, இனி உன் வகுப்பை மாரெக் எடுக்கட்டும். தப்பா நினைச்சுக்காதம்மா."

தாவோவுக்கு மிச்சமிருந்ததே அந்த ஒரு வகுப்புதான். அதுவும் போனால் வேலையே போன மாதிரிதான்.

பொன்னிறத் தலைமுடியோடு சக ஆசிரியர் மாரெக் உள்ளே வந்ததும் லியெனின் முகம் மலர்ந்தது.

"சார், உங்களுக்கு அமெரிக்காவுல எந்த ஊரு?"

"எனக்குப் போலந்துங்க," என்றான் மாரெக், குழப்பத்தோடு. "இங்க அமெரிக்கர்னா தாவோ அக்கா ஒருத்தங்கதான். டெக்சாஸ்ல பொறந்து வளந்தவங்க. என் உச்சரிப்பையே அவங்கதான் திருத்துறாங்க."

தாவோ மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

லியென் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துவானின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பரவால்ல, இவரே எடுக்கட்டும். பாக்க அமெரிக்கர் மாதிரி இவர்தானே இருக்காரு!"