வாடகைக் கண்கள்

நீண்ட விடுமுறையில் மும்பையைச் சுற்றிப் பார்க்க, அங்கே வசிக்கும் சுனந்தாவின் கண்களைக் குபேரனும் மனைவி செண்பகவல்லியும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவள் மும்பையில் நடந்தாள். இவர்கள் கரூர் வீட்டு சோபாவில் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவள் பார்ப்பதையெல்லாம் பார்த்தார்கள்.

ஒரு சந்தில், நெற்றியில் ஈரத்துணியோடு ஒரு சிறுமி ஓடிவந்து சுனந்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இது என் பொண்ணுங்க, காய்ச்சல். கொஞ்ச நேரம் இவகூட இருந்துட்டு வரட்டுமா?" என்று சுனந்தாவின் குரல் கேட்டது.

"இருட்டிடும்மா, முதல்ல கடலுக்கு நட," என்றாள் செண்பகவல்லி.

சுனந்தாவின் கைகள் சிறுமியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன. தன் கைகளே பிரிப்பதுபோல் செண்பகவல்லிக்கு இருந்தது.

கடற்கரையில் எல்லாமே கலங்கித் தெரிந்தது.

"மழையா?" என்றான் குபேரன்.

செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றினாள்.

"இல்லங்க. சுனந்தா அழுவுறா. நான்தான் நடன்னு சொன்னேன்."