படிச்சுச் சொல்லு

"இன்ஸ்டால் ஆகலைடா," என்று அக்கா மறுபடியும் போனில் அழைத்தாள்.

அவளுடைய பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்ததற்காகத் தம்பி தன்னையே நொந்துகொண்டான்.

"திரையில என்ன வந்திருக்கு? படிச்சுச் சொல்லு."

"ஏதோ நீளமா வந்திருக்கு."

"அச்சகத்துல புரூஃப் பாக்கறவ நீ. கண்ணுல விளக்கெண்ணெயை விட்டுக்கிட்டுப் பிழை பிடிப்பே. ரெண்டு வரி படிக்க முடியலையா?"

அவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, கட்டளையைத் திரும்ப அடி. பாஸ்வேர்டு கேக்கும்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் நடுங்கியது. "அடிச்சேன்டா. திரையில ஒண்ணுமே விழலையே!"

"லினக்ஸ்ல பாஸ்வேர்டு அடிச்சா அப்படித்தான். யார் கண்ணுக்கும் தெரியாது."

"யார் கண்ணுக்குமேவா?" என்றாள். "அப்பாடா!"

அப்போதும் வேலை நடக்கவில்லை.

"மென்பொருள் பேர்ல ஏதோ எழுத்தை மாத்தி அடிச்சிருப்பே. நீயா இப்படி?" தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "அப்படி எதைத்தான் போடறே? சொல்லித் தொலை."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"திரையில இருக்கறதை வாய்விட்டுப் படிச்சுச் சொல்லுமாமே, அதுதான்டா. அச்சகத்துல யார்கிட்டயும் சொல்லிடாதே."