காற்று சரியில்லை

கடற்கரை மேட்டில் குடியிருந்த நரியிடம் ஒரு படகு இருந்தது. அந்தக் கரையில் வேறு யாரிடமும் படகு கிடையாது. பக்கத்து வீட்டுப் பூனை புதுப் படகு வாங்கி, நீலச் சாயம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்திய அன்று நரிக்குச் சோறு இறங்கவில்லை.

பூனை வெள்ளந்தி. "அண்ணே, எனக்கு இது முதல் படகு. எப்பக் கடலுக்குப் போகலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்றது.

நரி காற்றை மோந்து பார்த்தது. "இன்னிக்குக் காத்து சரியில்ல தம்பி. அவசரப்படாதே."

மறுநாளும் அதையே சொன்னது. அடுத்த நாள் நீரோட்டத்தைக் குறை சொன்னது. தான் போனால் பூனையும் பின்னாலேயே வந்துவிடும் என்று தன் படகையும் தண்ணீரில் இறக்கவில்லை. இப்படியே எட்டு நாள் போயிற்று. பூனை எலி பிடித்துச் சமாளித்தது. நரி வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"இன்னிக்காவது போறீங்களா?" என்று கேட்டது பெண்நரி.

"காத்து சரியில்ல" என்றது நரி. வேறு என்ன சொல்ல முடியும்?

பெண்நரி வெளியே வந்து பார்த்தது. கடல் பாய் விரித்தாற்போலக் கிடந்தது. வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பூனை வீட்டுக்குப் போயிற்று.

"தம்பி, படகை இறக்குப்பா. நான் வலை போடுறேன்."

சற்று நேரத்தில் தூரத்தில் இரண்டும் வலையை இழுக்க முடியாமல் இழுத்தன. அத்தனை மீன். கரையில் நின்ற நரிக்குப் பசிகூட மறந்துவிட்டது. தன் பெண்டாட்டி அதில் இருக்கிற நினைப்பே இல்லாமல், அந்த நீலப் படகு கவிழாதா என்று பார்த்துக்கொண்டே நின்றது.