பெயர் போடாதவர்

"மாட்யூல்ல ஹலோன்னு பிரிண்ட் பண்ணச் சொன்னேன். திரையில ஒண்ணும் வரல. ஹலோ எங்க போச்சு?"

வாசித்து முடித்த ஆனந்தராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எங்க போயிருக்கும்? அத்திப்பள்ளி டோல்கேட் க்யூல நிக்குதோ என்னவோ! யாருய்யா அந்த அறிவாளி? கை தூக்கு, பாக்கலாம்."

யாரும் தூக்கவில்லை. எல்லோரும் காவியாவைப் பார்த்தார்கள்.

ஓசூர் சிப்காட்டில் பேக்கிங் மெஷின்களுக்குக் கன்ட்ரோலர் செய்யும் அந்தக் கம்பெனியில் காலை மீட்டிங் தினமும் இப்படித்தான் தொடங்கும். கம்ப்யூட்டரின் அடிமடியில் உட்கார்ந்து மொத்த மெஷினையும் ஆட்டிவைக்கிற நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அதற்குள் செருகுகிற துண்டு நிரல்தான் மாட்யூல். அந்த வேலைக்கெல்லாம் தலைவர் ஆனந்தராஜ். பெங்களூரில் கர்னலைக் கரைத்துக் குடித்துவிட்டு, மனமிரங்கி ஓசூருக்கு இறங்கி வந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

புதியவர்கள் கூச்சப்படாமல் சந்தேகம் கேட்கட்டும் என்று கம்பெனிக்குள் ஒரு இணையப் பலகை வைத்திருந்தார்கள். பெயர் போடத் தேவையில்லை. யாரோ ஒருவர் மட்டும் அதில் விடாமல் அரிச்சுவடிக் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் ஆனந்தராஜ் அவற்றை வாசித்துக் கிழிப்பார். டீ நேரத்தில் காவியா பொறுமையாகப் பதில் போடுவாள். ஹலோவுக்கும் போட்டாள்: "கர்னல் திரையைப் பாத்துப் பேசாதுங்க. அதுக்குன்னு தனிப் பதிவு இருக்குது, அதுல தேடுங்க."

அந்த உபகாரம்தான் வினையாகிவிட்டது.

"கேக்குறதும் நீ, பதில் போடறதும் நீ. பேர் வாங்க நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கியேம்மா!" என்றார் ஆனந்தராஜ், மறுநாள் எல்லோர் முன்னிலையிலும்.

"நான் கேக்கல சார்."

"அப்ப தானா முளைக்குதா?"

பின்வரிசையில் இருந்த முனிவேல் தன் பங்குக்கு எடுத்துக்கொடுத்தான். "சார் திருப்பதி போயிருந்த வாரம் பலகை ஈ ஓட்டிச்சு சார். திட்டு வாங்கலன்னா அந்த ஆளுக்குக் கேள்வியே வராது போல!" அறையே சிரித்தது. ஆனந்தராஜ் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

காவியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை முதலாளி பெருமாளிடம் சொல்ல வேண்டியவர் ஆனந்தராஜ். அவர் உதட்டைப் பிதுக்கினால் போதும், பாகலூருக்குத் திரும்பிப்போய் அப்பாவின் பசுமைக்குடிலில் ரோஜாவுக்கு முள் நீக்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை டீ நேரத்தில் பலகையில் மறுபடியும் ஒன்று வந்து விழுந்தது. "மாட்யூலை ஏத்தினதும் மெஷின் செத்த மாதிரி நிக்குது. ஏத்துறதுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்? ரொம்ப அவசரம்."

பக்கத்து நாற்காலி சரிதா எட்டிப் பார்த்து, வழக்கம்போல் கன்னடம் கலந்து சொன்னாள். "பிடு மா, விட்டுத்தள்ளு. நீ பதில் போட்டா அதுவும் உன் தலையிலதான் விடியும்."

"பாவம்டி. யாருக்கோ நாளைக்கு மானம் போற விஷயம் போல."

மாட்யூல் ஒரு பூட்டைப் போட்டுவிட்டுத் திறக்க மறந்தால் மெஷின் அப்படித்தான் உறையும். காவியா காரணத்தையும் திருத்தத்தையும் ஒழுங்காகவே எழுதினாள். ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். யாருக்கும் கெடுதல் செய்யாத வரிதான். பிறகு, வழக்கம்போல் எல்லோரும் பார்க்கப் போடாமல், பலகையில் இருந்த தனிப்பதில் பொத்தானை அழுத்தி, பெயர் தெரியாத அந்த ஆளுக்கு மட்டும் போகும்படி அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. புனேயிலிருந்து வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். புது கன்ட்ரோலரை ஓட்டிக்காட்டப் போகிறவர் சாட்சாத் ஆனந்தராஜ். முதலாளி பெருமாள் முன்வரிசையில். காவியாவும் மற்றவர்களும் சுவரோரம்.

கீபோர்டில் கை வைக்கப் போனவர், சட்டென்று குனிந்து ஷூவைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ளினார்.

பெருமாள் பதறிப்போனார். "என்னங்க, பூஜையா? கற்பூரம் கொண்டாரச் சொல்லட்டா?"

"கர்னல் வேலைன்னா சும்மாவா சார்? கால் தரையில படணும். இல்லன்னா உடம்புல இருக்கிற கரன்ட்டு போர்டுல இறங்கிடும். பெங்களூர்ல பெரிய பெரிய இடத்துலயெல்லாம் இதான் வழக்கம். வெளியாளுங்களுக்குச் சொன்னாப் புரியாது."

அதை அப்படியே இங்கிலீஷிலும் சொன்னார். புனேக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பயபக்தியுடன் தங்கள் லேஸையும் அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

மாட்யூல் ஏறியது. மெஷின் உறையவில்லை. பச்சை விளக்கு எரிய, சாக்ஸ் கால்களும் பூட்ஸ் கால்களுமாக அறையே எழுந்து கைதட்டியது.

பெருமாளுக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்! ஆமா, இந்தக் காவியாப் பொண்ணு விஷயம் என்ன? நிரந்தரம் பண்ணிடலாமா?"

"வேண்டாம் சார்." ஆனந்தராஜ் சோகமாகத் தலையாட்டினார். "நல்ல பொண்ணுதான். ஆனா அடிப்படையே தெரியாது. பலகையில வர்ற அசட்டுக் கேள்வியெல்லாம் அவ கேக்கறதுதான்."

காவியா சுவரோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். அவர் கால்களை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"நான் சாக்ஸையும்தான் கழட்டச் சொல்லி எழுதியிருந்தேன், சார்."