பெட்டி மேல நாலு எழுத்து

“எம், எஸ், ஆர், யு. சொல்லு மாமு, இன்னா வார்த்தை?”

கேட்டவர் மேத்யூ. எண்ணூர் ரோட்டில், துறைமுக வாசலுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் அனுமார் வாலாக நிற்கும் நாட்களில் டிரைவர்கள் கண்டுபிடித்த ஆட்டம் இது. எதிரே துறைமுகத்திலிருந்து வெளியே வரும் கன்டெய்னர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் நாலு எழுத்தும் வருகிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்ல வேண்டும். எழுத்துகள் முன்னே பின்னே இருக்கலாம். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். நெட்டில் தேடினால் மட்டும் ஆட்டம் ரத்து.

லாரிகள் நிற்கும் இரண்டு வரிசையும் ஒன்றாகிற இடத்தில், யார் முதலில் சொல்கிறாரோ அவர் வரிசையிலிருந்து ஒரு வண்டி முன்னே போகும். தோற்றவர் முணுமுணுக்காமல் வழிவிட வேண்டும். போலீஸ்காரர் லத்தியைத் தட்டினாலும் நகராதவர்கள், மேத்யூவின் தீர்ப்புக்கு மட்டும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

இடது வரிசையின் முதல் வண்டி பிராங்கிளினுடையது. அவருக்கு இன்று தோற்க நேரமில்லை. கல்மண்டபத்தில் அவர் வீட்டில் மகள் ஜானெட்டைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. சாயங்கால ரயிலுக்கு அவர்கள் கிளம்பியாக வேண்டும். பெண்ணின் அப்பா இல்லாமல் யார் பேசி முடிப்பது? காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய டிரிப் இது. பெட்டியை உள்ளே இறக்காமல் வண்டியை விட்டு இறங்கிப் போனால் வேலை போய்விடும்.

இருந்தாலும் பிராங்கிளினுக்குத் தெம்பு இருந்தது. ஜானெட் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை டீ ஆறுவதற்குள் முடிக்கிறவள். அவள் போனில் இருக்கும்போது அவர் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. வலது வரிசைக்கு ஆடும் திருமலையோ புளியந்தோப்பில் இருக்கும் தன் மகன் பகலவனைத்தான் நம்புகிறார். அவன் இத்தனை நாளில் சொன்ன ஒரே வார்த்தை ‘பஸ்’. அதிலும் ஒரு எழுத்து குறைந்தது.

பிராங்கிளின் எழுத்துகளைச் சொன்னதும், “இருப்பா, யோசிக்கறேன்” என்று ஜானெட் இழுத்தாள்.

காதில் போனோடு நின்ற திருமலை நிதானமாக, “மஷ்ரூம்” என்றார்.

மேத்யூ விரல் விட்டு எழுத்துகளைச் சரிபார்த்துத் தலையாட்டினார். வலது வரிசையில் விசில் பறந்தது. ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே முன்னே போனது.

பிராங்கிளின் திருமலையைத் தனியாக இழுத்துப் போய், வீட்டு விஷயத்தைச் சொல்லி, இன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த சிநேகிதர்கள். திருமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆட்டத்துல தோஸ்து கெடையாது மாமு.”

பிராங்கிளின் தன் வண்டியின் டயரை ஓங்கி உதைத்தார். இப்படியும் ஒரு மனுஷனா என்று நினைத்தார்.

அடுத்த பெட்டி வந்தது. எச், ஜி, டி, யு. இந்த முறை ஜானெட் உடனே ‘ஆகஸ்ட்’ என்றாள். பிராங்கிளின் துள்ளிக் குதித்து அதைக் கத்தினார். மேத்யூ உதட்டைப் பிதுக்கினார். “அதுல எச் எங்க கீது நைனா?”

“டாட்டர்” என்றார் திருமலை.

வலது வரிசையிலிருந்து இன்னொரு வண்டி போனது. பெண்ணைப் பெற்றவன் நான் இருக்க, அந்த வார்த்தை அவன் வாயில் வந்ததே என்று பிராங்கிளின் தலையில் அடித்துக்கொண்டார். போனில் ஜானெட்டின் குரல் படபடத்தது. வந்தவர்கள் அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அவள் அம்மாவின் போனையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து நின்று பேசுகிறாளாம். பாவம், பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு குழந்தை எப்படி யோசிக்கும்? நீ போய் அவங்களோட உட்காரும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. ‘பஸ்’ஸைத் தாண்டாத பையனுக்கு மஷ்ரூம் எங்கிருந்து வந்தது?

“உம் மவன் நெட்டப் பாத்துதான் சொல்றான். ஆட்டம் செல்லாது” என்று பிராங்கிளின் கத்தினார். டிரைவர்கள் கூடிவிட்டார்கள். திருமலை போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது போதாதா? பிராங்கிளின் பாய்ந்து போனைப் பிடுங்கி, பகலவனை நாலு வார்த்தை கேட்பதற்காகக் காதில் வைத்தார்.

“மாமா, அடுத்த எழுத்து இன்னா, சீக்கிரம் சொல்லுங்க” என்றாள் ஜானெட். “ரயிலுக்கு நேரமாச்சுன்னு அவங்க செருப்பு மாட்டிக்கினு கீறாங்க. இன்னும் ஒரே ஒரு வண்டி. அதுவரைக்கும் எங்கப்பாவ அங்கயே நிறுத்தி வைங்க.”

பிராங்கிளின் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. திருமலை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, பணிவாகக் கையை நீட்டினார்.

“போனக் குடு சம்மந்தி. எதிர்ல பெட்டி வருது.”