எட்டு மணிப் பையன்

கன்னா கையெழுத்துப் போட்டு மகனுடைய பையை வாங்கிக்கொண்டார். பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

பையில் ஒரு துண்டு, ஒரு கூலிங் கிளாஸ், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

காலை எட்டு மணிக்குத் தனியாகப் பறக்கப்போன அந்த மகன் வினோத், இறங்கத் திரும்பும்போது விமானத்தோடு விழுந்து செத்துப்போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

டெல்லிக்குள் இப்படியொரு விமான நிலையம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு கொட்டகை, ஒரு கோபுரம், விமானம் ஓட்டப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு கிளப். அந்தக் கிளப்பின் குமாஸ்தா மகாதேவன், மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

மகாதேவனுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதுபோல் உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

யார் எப்போது பறப்பது என்று பட்டியல் போடுகிறவர் அவர்தான். பென்சிலால்தான் போடுவார். பரீட்சை, ஜுரம் என்று எவனாவது வந்து நிற்பான், அழித்து எழுதுவார். கடவுளுக்கே அந்தச் சௌகரியம் கிடையாது என்று கிளப்பில் கேலி செய்வார்கள்.

கன்னா சுவரில் தொங்கிய பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இந்தியில் மெதுவாகக் கேட்டார். முதலில் ஒன்பது மணி என்றுதான் பையன் சொன்னான், சனிக்கிழமை வந்து எட்டு என்றான், ஏன் மாறியது?

மகாதேவன் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து லீலாவதி. அவள் மகனும் இங்கேதான் படிக்கிறான். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தாள். கண் அழுது சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, நீங்க நல்லா இருக்கணும். திங்கக்கிழமை எட்டு மணின்னா ராகு காலம், ஒன்பதுக்கு மாத்திக் குடுங்கன்னு சனிக்கிழமை வந்து கேட்டேன். வேற யாராயிருந்தாலும் சிரிச்சிருப்பாங்க. நீங்க மறுபேச்சு இல்லாம மாத்தினீங்க. இல்லேன்னா இன்னிக்கு என் பிள்ளைதானே போயிருப்பான்? யாரோ பஞ்சாபிப் பையனாமே, பாவம்."

பெஞ்சில் இருப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. கன்னாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் மகாதேவன் ஒருவர்தான்.

என்ன சொல்கிறார் இந்த அம்மா என்று கன்னா கேட்டார்.

"உங்க பையனுக்காகக் கோயிலுக்குப் போய் வேண்டிக்கிட்டு வந்திருக்காங்களாம்" என்று மகாதேவன் இந்தியில் சொன்னார். குரல் பிசிறவில்லை. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது.

கன்னா எழுந்து லீலாவதியைக் கும்பிட்டார். காலையிலிருந்து வராத அழுகை அவருக்கு அப்போதுதான் வந்தது.

லீலாவதி ஒன்றும் புரியாமல், மகாதேவனுக்கென்று கோயிலிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, அவர் உள்ளங்கையிலும் கொஞ்சம் விபூதி போட்டாள்.

அதை என்ன செய்வதென்று தெரியாமல் கன்னா மகாதேவனைப் பார்த்தார்.

மகாதேவன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.