ஒரு சவள் பனி

இரவெல்லாம் கொட்டிய பனி விடியற்காலை ஓய்ந்திருக்கிறது. மொன்ட்ரியால்-நோரின் அந்த ஒடுங்கிய தெருவில் எந்தக் கார் யாருடையது என்று தெரியவில்லை. எல்லாம் வெள்ளைப் பனிக் கும்பிகள். வேலைக்கு நேரமாகிறதே என்று சாம்பவன் பனி அள்ளும் சவளால் வழித்து வழித்து எறிகிறான். முதுகு வேர்க்கிறது, மூக்கு விறைக்கிறது. கதவுப் பக்கம் வெளிப்பட்டதும் பனிக்குள்ளேயிருந்து சிவப்பு நிறம் எட்டிப் பார்க்கிறது. அவனுடைய கார் சாம்பல் நிறம்.

"இஞ்சாருங்கோ, எங்கட கார் அங்கால நிக்குதெல்லோ!" மேல்வீட்டுப் பல்கனியிலிருந்து மனைவி நிலக்ஷி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புத்தான் அவனைச் சுடுகிறது. "ஆரோ ஒருத்தற்ற காரோட இவ்வளவு நேரமும் மாரடிச்சிருக்கிறன்!" ஒரு சவள் பனியை அள்ளி அந்தச் சிவப்பின் மேலேயே திருப்பி எறிகிறான். தொப்பென்று விழுகிறது. நிமிர்ந்தால், கீழ்வீட்டுக் கிழவி கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். இரண்டு வருடமாக அவன் ஒரு தலையசைப்புக்கூட இல்லாமல் கடந்துபோகிறவள். இரவு உடுப்பின் மேல் கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு, கையில் ஆவி பறக்கும் கோப்பி. அவளுடைய ஜன்னல் திரை முன்பே விலகியிருந்ததை இப்போதுதான் காண்கிறான்.

"மெர்சி, முஸ்யூ, மெர்சி." கிழவி பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கோப்பியை நீட்டுகிறாள்.

தவறுதலாகச் செய்துவிட்டேன் என்று சொல்லுமளவு பிரெஞ்சு அவனுக்குத் தெரியும். ஆனால் கோப்பியைத்தான் வாங்கிக்கொள்கிறான். கிழவி தன் சிவப்புக் காரின் பக்கம் திரும்பி, அவன் எறிந்த அந்த ஒரு சவள் பனியை, அவனுக்கு வேலை மிச்சம் வைக்கக்கூடாது என்பதுபோல, வெறுங்கையால் மெல்ல மெல்லத் தள்ளுகிறாள்.